ரிப்பன் மைக்கின் பின்பக்கத்தை முதலில் தீர்மானியுங்கள்: சிறிய கூடத்தில் இசைக்கருவிகளைப் பதிவு செய்யும் முறை

மும்பையில் அந்தேரியிலும் கோரேகாவிலும் செம்பூரிலும் இயங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓர் அறையை அடைத்தோ, இரண்டு கடைகளைச் சேர்த்தோ அமைக்கப்பட்டவை. உயரம் 9 அடி, சுவருக்குச் சுவர் 10 அல்லது 12 அடி என்ற அளவில்தான் பதிவறை இருக்கும். அந்த அறைக்குள் மாட்டுங்காவிலிருந்து வரும் நாதஸ்வர வித்வானையோ வயலின் கலைஞரையோ உட்காரவைத்து, வழக்கம்போல் ஒரு கண்டென்சர் மைக்கை (உச்ச ஒலியைக் கூர்மையாகப் பிடிக்கும் வகை) நீட்டினால், வில்லின் உரசலும் நாதஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியின் கூர்மையும் தேவைக்கு மேல் பதிவாகின்றன. மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக்கைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த அனுபவத்துக்குப் பிறகே வருகிறார்கள். ஆனால் அதையும் கண்டென்சரை வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டு, போர்வைக்குள் வாசித்ததுபோல் கேட்கிறது என்று இரண்டே நாளில் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த மங்கலுக்கு மைக்கின் இயல்பு ஒரு பங்கு காரணம் என்றால், பின்பக்கச் சுவரைக் கவனிக்காமல் விட்டது பெரும்பங்கு காரணம். ரிப்பன் மைக்கை நிறுத்தும்போது அதன் முதுகு எதைப் பார்க்கிறது, அதன் பக்கவாட்டில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டு, முகத்தைக் கடைசியாகத் திருப்ப வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்லும் முறை.

அதன் காரணம் மைக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. வலுவான காந்தத் துருவங்களுக்கு நடுவே, குறுக்கு மடிப்புகள் கொண்ட மிக மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று தொங்குகிறது. ராயர் ஆர்-121 மைக்கில் அதன் தடிமன் 2.5 மைக்ரான், பிபிசியின் வடிவமைப்பில் உருவான கோல்ஸ் 4038-இல் அது 0.6 மைக்ரான். ஒலியழுத்தத்துக்கு அசைவதும் அந்தப் பட்டைதான், மின்சாரத்தை உண்டாக்குவதும் அதே பட்டைதான். பட்டையின் இரு முகங்களும் காற்றுக்குத் திறந்திருப்பதால், முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் ஒரே அளவில் பதிவாகின்றன. பின்னால் வருவது மட்டும் போலாரிட்டி (அலையின் ஏற்ற இறக்கத் திசை) தலைகீழாக வரும். நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு முகங்களையும் சமமாக அழுத்துவதால் பட்டை அசைவதே இல்லை. மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நேராக வரும் ஒலிக்கும் இதே கதிதான். 1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் தொடங்கிய இந்த அமைப்பை, 1930களில் ஆர்சிஏ நிறுவனத்தில் ஹாரி ஓல்சன் கூடங்களில் பயன்படும் மைக்காக ஆக்கினார். இரட்டைப் பட்டை கொண்ட பேயர்டைனமிக் எம்160 போன்ற ஒரு சில மைக்குகள் மட்டுமே ஒருபக்க நாட்டம் கொண்டவை. மற்றபடி ரிப்பன் என்றால், முன்னும் பின்னும் கேட்டுப் பக்கவாட்டில் கேட்காத எட்டு வடிவம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பதற்கு முன்

ரிப்பன் மைக்கில் இருவகை உண்டு. உள்ளே மின்சுற்று இல்லாத பேசிவ் வகைக்குப் பாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குச் செல்லும் மின்சாரம்) தேவையில்லை. ராயர் ஆர்-122 போன்ற ஆக்டிவ் வகைக்கு 48 வோல்ட் அவசியம். பேசிவ் மைக்கில் பாண்டம் பட்டாலே ரிப்பன் எரிந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஒழுங்காக இணைக்கப்பட்ட பேலன்ஸ்டு கேபிளின் இரு கம்பிகளிலும் ஒரே வோல்ட் இருப்பதால், மைக்குக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வழியே மின்னோட்டம் பாய்வதில்லை, ஆபத்தும் இல்லை. ஒரு கம்பி அறுந்த கேபிளிலும், பாண்டம் போட்டபடியே பேட்ச் பேயில் (கேபிள்களை மாற்றி இணைக்கும் பலகையில்) பிளக்கைச் செருகும்போதும்தான் ஆபத்து. பிளக் உள்ளே நுழையும் கணத்தில் இரு கம்பிகளில் ஒன்று மட்டும் தொடுவதாலோ தரையோடு இணைந்துவிடுவதாலோ, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓர் உதை பட்டையைச் சென்றடைந்து அதை இழுத்து நீட்டிவிடக்கூடும். எனவே பாண்டத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, ரிப்பனுக்கென்று சோதித்து ஒதுக்கி வைத்த கேபிளால் ப்ரீஆம்ப்பில் (மைக்கின் சிறு மின்னலையைப் பெருக்கும் கருவியில்) நேராக இணையுங்கள். பேட்ச் பே வேண்டாம்.

அடுத்தது கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு. பேசிவ் ரிப்பனின் வெளியீடு மிகக் குறைவு என்பதால், வீணை போன்ற மென்மையான கருவிக்கு ப்ரீஆம்ப் 60 முதல் 70 டெசிபல் வரை தர வேண்டியிருக்கும், அதுவும் இரைச்சல் இல்லாமல் தர வேண்டும். ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) மைக்கின் இம்பிடன்ஸைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 300 ஓம் மைக்குக்கு 1500 ஓம். அதற்குக் குறைந்தால் அடித்தளமும் (தாழ்ந்த ஒலிகளும்) உச்சமும் (உயர்ந்த ஒலிகளும்) சுருங்கிக் கேட்கும். சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்ற ஒரு இன்லைன் பூஸ்டரை இடையில் சேர்த்தால் 25 டெசிபல் அளவுக்குக் கூடுதல் கிடைக்கும். அது பாண்டத்தைத் தானே எடுத்துக்கொண்டு மைக்குக்கு விடாமல் தடுத்துவிடும் என்பது கூடுதல் நிம்மதி. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இதெல்லாம் தேவையே இல்லை; அவை தரும் ஒலிக்கு எந்த ப்ரீஆம்ப்பும் போதும்.

கெயினை ஏற்றியதும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால், உடனே எர்த் கம்பியைக் குறைசொல்ல வேண்டாம். மைக்குக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் பட்டையும் அருகிலுள்ள காந்தப்புலத்தை வாங்கிக்கொள்ளக்கூடியவை. ஏசி ஸ்டெபிலைசர், கிடார் ஆம்ப், விளக்கு டிம்மர், சுவருக்கு அப்பால் உள்ள லிஃப்ட் மோட்டார் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மைக்கை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சில கோணங்களில் உறுமல் சட்டென்று அடங்கும். அது எந்தக் கோணம் என்று தெரிந்துகொண்டு, கருவியின் இடத்தை அதற்கேற்ப மாற்றுவது எளிது.

முதுகும் பக்கவாட்டும்

இப்போது அறையின் நடுவே மைக்கை நிறுத்துங்கள், கருவி இன்னும் வர வேண்டாம். கைப்பேசியில் சுருதியை ஒலிக்கவிட்டு, உதவியாளர் ஒருவர் அதை மைக்கின் உயரத்தில் பிடித்தபடி மைக்கைச் சுற்றி நடக்க, நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். முன்னால் நன்றாகக் கேட்கும் சுருதி, 45 பாகையில் 3 டெசிபலும் 60 பாகையில் 6 டெசிபலும் குறைந்து, நேர் பக்கவாட்டுக்கு வரும்போது ஏறக்குறைய மறைந்துபோகும். அங்கே எஞ்சிக் கேட்பது அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி மட்டுமே. அந்த ஒலி அதிகமாக இருந்தால் உங்கள் அறைக்கு இன்னும் பஞ்சு தேவை என்று பொருள். ஒலி மறையும் இரண்டு திசைகளிலும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். கலைஞர்கள் வந்து உட்கார்ந்த பிறகு இதைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்கள் பொறுமை இழப்பார்கள்.

பின்சுவரைப் பற்றிக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கருவிக்கும் மைக்குக்கும் 2 அடி, மைக்கின் முதுகுக்கும் சுவருக்கும் 2 அடி என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 6 அடி பயணம் செய்து மைக்கின் முதுகில் விழுகிறது. நேரடி ஒலியைவிட அது சுமார் 9.5 டெசிபல் மட்டுமே குறைவு. போலாரிட்டியும் தலைகீழாக இருப்பதால், நேரடி ஒலியோடு கலந்து சில சுரங்களைக் குழிவாக்கி, அடித்தளத்தையும் அரித்துவிடும். அதே முதுகுக்குப் பின்னால் 6 அடி இடம் விட்டால் திரும்பும் ஒலியின் பயணம் 14 அடி ஆகிறது. குறைவு 17 டெசிபல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்டுணரலாம். 6 அடி கிடைக்காத அறையில், கருவியையும் மைக்கையும் இணைக்கும் கோட்டைச் சுவர்களுக்கு இணையாக வைக்காமல் அறையின் மூலைவிட்டத்தையொட்டிச் சாய்த்து அமைத்து, மைக்கின் முதுகு பார்க்கும் இடத்தில் 4 அங்குலமாவது தடிமனுள்ள ராக்வுல் (பாறைக் கம்பளி) பலகையையோ, அதுவும் இல்லையென்றால் ஓர் இரட்டை மெத்தையையோ நிறுத்தி வையுங்கள். மெல்லிய ஸ்பாஞ்ச் ஓடுகள் இதற்குப் பயன்படா. அவை உச்ச ஒலியை மட்டும் விழுங்கி, ஏற்கெனவே மங்கலாக இருப்பதை மேலும் மங்கலாக்கும்.

தாழ்ந்த கூரை உள்ளவர்களுக்கு ரிப்பன் ஒரு சலுகையும் தருகிறது. நேர் செங்குத்தாக நிறுத்திய மைக்குக்குத் தலைக்கு மேலே உள்ளது எதுவும் சரியாகக் கேட்காது என்பதால், கூரையிலிருந்து இறங்கிவரும் எதிரொலி கண்டென்சரில் விழும் அளவுக்கு இதில் விழுவதில்லை. கோணத்தை மாற்றும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். மைக்கை இடமோ வலமோ திருப்பினால் ஒலியின் அளவு குறையுமே தவிரத் தன்மை பெரிதாக மாறாது. மேலோ கீழோ சாய்த்தால், பட்டையின் நீளம் காரணமாக உச்ச ஒலி முதலில் குறையும். சீறலைக் குறைக்கச் சாய்க்கலாம். பக்கத்துக் கருவியை ஒதுக்கத் திருப்ப வேண்டும்.

தூரம்

ரிப்பன் மைக்கை நெருங்க நெருங்க அடித்தளம் கனத்துப்போகும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி என்று கொண்டு கணக்கிட்டால், 100 ஹெர்ட்ஸில் 60 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ இரண்டரை டெசிபலும், 30 சென்டிமீட்டரில் 6 டெசிபலும், 15 சென்டிமீட்டரில் 11 டெசிபலுக்கு மேலும் கூடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) 15 சென்டிமீட்டரில் மைக்கை வைத்துவிட்டு அது குழைந்து கேட்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை. வழக்கமாகக் கண்டென்சரை வைக்கும் தூரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் தொடங்கி, தேவையானால் நெருங்கி வருவதே நல்லது.

தூரத்தை நிர்ணயிக்கும் இன்னொன்று காற்று. ஒலி ரிப்பனை எதுவும் செய்யாது, காற்றின் வீச்சுதான் செய்யும். மைக்கை வைக்கப்போகும் இடத்தில் முதலில் உங்கள் புறங்கையை வைத்து, கலைஞரை வாசிக்கச் சொல்லுங்கள். கையில் காற்றுப் பட்டால் அந்த இடம் கூடாது. மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏசியின் காற்றுப் போக்கும் மைக்கை நோக்கி இருக்கக் கூடாது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வாயால் ஊதுகிறவர்களும் விரலால் தட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் கைக்கு எட்டாமல் வைப்பது உத்தமம்.

கருவி கருவியாக

ரிப்பன் மைக் பிறந்ததே நாதஸ்வரத்துக்காகத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கண்டென்சர்களில் உச்சப் பகுதியில் வரும் மேடு இதில் இல்லை என்பதால், சீவாளியின் கூர்மை நாதமாகக் கேட்கிறதே அன்றிக் காதைக் குத்துவதில்லை. நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரெதிரே வைக்காதீர்கள். நாதஸ்வரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு எதிரே வைத்தால் சில சுரங்கள் பாய்ந்தும் சில பதுங்கியும் பதிவாகும். வித்வானுக்கு 4 முதல் 5 அடி முன்னால், அவர் நெஞ்சின் உயரத்தில், அணசு பார்க்கும் திசைக்கு 20 அல்லது 30 பாகை விலகி மைக்கை நிறுத்துங்கள். கமகம் பிடிக்கும்போது கருவியை உயர்த்தி அசைக்கும் வழக்கமுள்ளவர் என்றால் இன்னும் ஒரு அடி பின்வாங்கலாம். "அண்ணா, அசையாம வாசிங்க" என்று கேட்பதைவிட ஸ்டாண்டை நகர்த்துவது எளிது; அசையாமல் வாசித்தால் அந்தப் பிடி வராது.

தவிலும் அதே அறையில் இருந்தால், நாதஸ்வரத்தின் மைக்குக்கு நேர் பக்கவாட்டில், நீங்கள் டேப் ஒட்டிய கோட்டின் மேல், தவில்காரரை உட்காரவையுங்கள். தவிலின் வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) 3 அடி தூரத்தில் இன்னொரு ரிப்பனை வைக்கலாம், விரல் கூடுகளின் அடி உருண்டு வரும். கழி விழும் தொப்பிப் பக்கத்தில் ஒரு அடிக்குள் ரிப்பன் வேண்டவே வேண்டாம். அங்கே ஒரு சாதாரண டைனமிக் மைக் போதும்.

வயலினுக்கு இரண்டரை அடி நல்ல தொடக்கம். நம் வயலின் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதால், மேற்பலகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மேலைநாட்டு முறையில் தலைக்கு மேலிருந்து தொங்கவிடும் மைக் இங்கே பொருந்தாது. மேற்பலகையைப் பார்த்தபடி, தந்திகளைத் தாங்கும் குதிரையைவிடச் சற்று உயரத்தில், வில்லின் வீச்சுக்கு வெளியே மைக்கை நிறுத்துங்கள். துணைக்கு மிருதங்கம் இருந்தால், வயலினிலிருந்து மைக்குக்கு ஒரு கோடு இழுத்து, மைக் நிற்கும் இடத்தில் அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு இழுத்து, அந்த இரண்டாவது கோட்டின் மேல் 5 அடி தள்ளி மிருதங்கத்தை வையுங்கள். இருவரும் குறுக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும். அந்தப் பார்வை தடைபடும் என்றால் நான் ஒலிப்பிரிவை விட்டுக்கொடுப்பேன்; கோர்வை ஒன்றாக வந்து விழாத பதிவில் பிரிவு சுத்தமாக இருந்து என்ன பயன்? இரட்டை வயலின் என்றால் ஒரே ரிப்பனின் முன்னும் பின்னும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிடலாம். யார் குரல் ஓங்குகிறதோ அவரை அரை அடி பின்வாங்கச் சொன்னால் கலவை அறையிலேயே அமைந்துவிடும்.

மிருதங்கத்தைத் தனியாகப் பதிவு செய்யும்போது, இரண்டு தலைகளுக்கும் நடுவே, கட்டையைப் பார்த்தபடி இரண்டரை அடி முன்னால் ஒரே ஒரு ரிப்பனை நிறுத்திப் பாருங்கள். வலந்தலையின் சாப்பும் தொப்பியின் கும்கியும் சேர்ந்து ஒரே கருவியாகக் கேட்கும். கடத்தில் எச்சரிக்கை தேவை: பானையின் வாயை வயிற்றிலிருந்து விலக்கி வாசிக்கும்போது உள்ளிருந்து காற்று உந்தித் தள்ளப்படும். மைக் அந்த வாயின் நேர்க்கோட்டில் வராமல், பக்கவாட்டிலிருந்து 2 அடியில் இருக்கட்டும். மோர்சிங், புல்லாங்குழல் இரண்டிலும் ஊதும் காற்றின் பாதையை விட்டு விலகி, நெற்றி உயரத்திலிருந்து கீழ்நோக்கி வையுங்கள். இடையில் ஒரு பாப் ஃபில்டரும் இருக்கட்டும்.

வீணைதான் ரிப்பனுக்குச் சோதனை. ஒலி குறைவு, மீட்டின் நகவொலி மட்டும் மேலே தெரியும். குடத்துக்கு ஒன்றரை அடியில் வைத்து, நல்ல ப்ரீஆம்ப் கொண்டு பதிவு செய்தால் நாதம் செழிப்பாகக் கிடைக்கும். இரைச்சல் மிகுந்தால் வீம்பு பிடிக்காமல் கண்டென்சருக்கே திரும்பிவிடலாம். ஆர்-121 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அதன் பட்டை முன்பக்கத்தை ஒட்டி அமைந்திருப்பதால், சுமார் 3 அடிக்குள் மென்மையான கருவிகளுக்கு அதன் பின்பக்கம் சற்றுப் பிரகாசமாகக் கேட்கும். பின்பக்கத்தால் பதிவு செய்து, போலாரிட்டியை ப்ரீஆம்ப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

கிடார் ஆம்ப்புக்கு ஸ்பீக்கரிலிருந்து 6 முதல் 8 அங்குலம், சற்றுக் கோணமாக. இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள்.

மிக்ஸில் ரிப்பன் டிராக் தனியாகக் கேட்டால் மங்கலாகத்தான் இருக்கும். நெருக்கத்தால் கூடிய அடித்தளத்தை 100 ஹெர்ட்ஸ் அருகே முதலில் தணித்துவிட்டு, அதன் பிறகே 8 அல்லது 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஷெல்ஃப் ஈக்யூவால் (அதற்கு மேலுள்ள பகுதி முழுவதையும் கூட்டும் ஒலிச்சீராக்கியால்) 3 முதல் 6 டெசிபல் வரை உயர்த்துங்கள். அடித்தளத்தைக் குறைத்ததுமே பாதி மங்கல் விலகிவிடுவதால், பல நேரம் உச்சத்தை உயர்த்த வேண்டிய தேவையே எழாது.

வைத்துக்காத்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரம் எந்த மைக்குக்கும் நல்லதல்ல. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். நீண்ட பட்டை கொண்ட மைக்குகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பது பட்டை தொய்யாமலிருக்க உதவும். ஸ்டாண்டிலிருந்து எடுத்து நடக்கும்போது, பக்கத்து அறைக்குத்தான் என்றாலும், துணியுறை போட்டே எடுத்துச் செல்லுங்கள். பெட்டி மூடியையும் கூடத்தின் கனத்த கதவையும் வேகமாகச் சாத்தினால் எழும் காற்றழுத்தமே பட்டையை அசைக்கப் போதுமானது. காந்தம் இரும்புத்தூளை ஈர்க்கும் என்பதால், பெட்டியில் ஆணி, ஸ்குரூ, கிடார்க் கம்பித் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது; கட்டட வேலை நடக்கும் தளத்தில் மைக்கை வெளியே எடுக்கவும் கூடாது.

வெளியீடு திடீரெனக் குறைந்தாலோ, அடித்தளம் மெலிந்தாலோ, உரத்த சுரத்தில் கரகரப்பு வந்தாலோ பட்டை நீண்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். முதலில் கேபிளையும் ப்ரீஆம்ப்பையும் மாற்றிச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், வலைமூடியை நீங்களே கழற்ற முயல வேண்டாம்; காந்தம் ஸ்குரூ டிரைவரை உள்ளே இழுத்த மறுகணம் பட்டை கிழிந்திருக்கும். புதுப் பட்டை பொருத்தும் வேலையைத் தயாரிப்பாளரிடமோ, அதையே தொழிலாகச் செய்பவரிடமோ ஒப்படையுங்கள். பட்டையின் இழுவிசையைச் சரியாக அமைத்து அவர்கள் திருப்பித் தந்தபின் மைக் முன்போலவே வேலை செய்யும்.